குருவிக்காக அழுத மாமியாரும் மொட்டை மாடி டவரும்

ஒரு சினிமாவால் எங்கள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்த கதையை எழுதுகிறேன். முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

2018 நவம்பர் 29-ம் தேதி, ஷங்கர் இயக்கி ரஜினி நடித்த '2.0' வெளியானது. 2010-ல் வந்த 'எந்திரன்' படத்தின் அடுத்த பாகம். நானும் வீட்டுக்காரரும் மாமியாரும், அப்போது மூன்றாம் வகுப்பு படித்த மகனும் ராஜபாளையத்திலேயே பார்த்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து நாத்தனாரும் வந்திருந்தாள்.

கதை தெரிந்ததுதான். பட்சிராஜன் என்று ஒரு பெரியவர். பறவைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். செல்போன் டவரின் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று வாசல் வாசலாக ஏறி இறங்குகிறார். யாரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு டவரிலேயே தூக்குப் போட்டுக் கொள்கிறார். பிறகு ஊரில் உள்ள செல்போன்கள் எல்லாம் பறந்து போய், ஒன்றாகச் சேர்ந்து, ராட்சதப் பறவையாக வந்து பழி வாங்குகின்றன. அக்ஷய் குமார் அந்தப் பெரியவராக நடித்திருந்தார்.

வெளியே வந்ததும் ஆளுக்கொரு பேச்சு. "படம் பூரா காதுல பூ. செல்போன் பறக்குதாம், ஆவி வருதாம்" என்றார் இவர். மகனோ கையை விரித்துக் கொண்டு தெருவெல்லாம் பறந்தான். நாத்தனாருக்குத் தலைவலி. "கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணி, ஆனா மனசுல ஒண்ணும் ஒட்டலை" என்றாள். அத்தை மட்டும் வாயே திறக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே வந்தார்கள். ராத்திரி சாப்பிடவும் இல்லை.

எங்கள் வீட்டில் மட்டும் இந்தச் சண்டை என்று நினைக்காதீர்கள். படம் வெளிவரும் முன்பே, அறிவியலுக்குப் பொருந்தாத பயத்தைக் கிளப்புகிறது என்று செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் புகார் கொடுத்தது.

எங்கள் வீட்டில் விஷயம் சினிமாவோடு நிற்கவில்லை. அதே மாதம்தான் எங்கள் மொட்டை மாடியில் டவர் வைக்க இடம் கேட்டு ஓர் ஆள் வந்து போயிருந்தார். மாத வாடகை, இவர் மில் சம்பளத்தில் பாதிக்கு வரும். மகன் படிப்புக்கு ஆகுமே என்று நானும் தலையாட்டியிருந்தேன். படம் பார்த்த மறுநாள் காலையில் அத்தை, "அந்த டவர் வேண்டாம்யா" என்றார்கள். இவர் சிரித்து விட்டார். "சினிமாவைப் பாத்துட்டு வாடகையை விடச் சொல்றியாம்மா?" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதைத்தான் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போனபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதிக்கும் போனோம். ஆண்டாள் கையில் இருக்கும் கிளி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரவள்ளி இலையும் மாதுளம்பூ மூக்குமாகத் தினமும் புதிதாகச் செய்து வைப்பார்கள். அதையே பார்த்துக் கொண்டிருந்த அத்தை மெதுவாகச் சொன்னார்கள்: "அவ கையில கிளி நிக்குது தாயி. நம்ம வீட்டுல ஒரு குருவி நிக்க இடமில்லாமப் போச்சு."

எங்கள் பழைய வீடு ஓட்டு வீடு. மாமனார் போட்டோவுக்குப் பின்னால் எப்போதும் குருவிக்கூடு இருக்கும். 2014-ல் இடித்து கான்கிரீட் கட்டினோம். "வென்டிலேட்டரை மட்டும் அடைக்காதீங்க, குருவி வந்து போகட்டும்" என்று அத்தை சொன்னார்கள். எச்சம் போடும், வைக்கோல் கொட்டும் என்று வலை அடிக்கச் சொன்னவள் நான்தான். கொத்தனார்கூட ஒரு நிமிடம் யோசித்தார். நான் யோசிக்கவில்லை.

"படத்துல அந்தக் கெழவன் எல்லார்கிட்டயும் போயிச் சொல்றான். எல்லாரும் சிரிக்கிறாங்க. வயசானவங்க சொன்னா யாரு கேக்கா?" என்றார்கள். கோயில் பிராகாரத்தில் நான் நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றேன். அவர்கள் அழுதது டவருக்காக இல்லை என்று அன்றுதான் புரிந்தது.

ஆனாலும் உண்மை தெரிய வேண்டாமா? அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற சயன்ஸ் வாத்தியாரிடம் கேட்டேன். டவர் அலைக்கு நாம் பார்க்கும் வெளிச்சத்தை விடச் சக்தி குறைவு என்றார். நம் நாட்டில் 2012 செப்டம்பர் முதல், உலக அளவில் சொல்லப்படும் வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி என்றும் விளக்கினார். பின்னர் 2020-ல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையையும் அவரே காட்டினார். நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை, பெரு நகரங்களில்தான் குறைந்திருக்கிறது, டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று அதில் இருந்தது.

"கூடு கட்டப் பொந்து வேணும். குஞ்சுக்குப் பூச்சி வேணும். பெரிய குருவிக்குத் தானியம் வேணும். முன்ன நீங்க முற்றத்துல முறம் வச்சுப் புடைச்சீங்க, நொய்யும் கம்பும் சிதறுச்சு. இப்ப எல்லாம் பாக்கெட்ல வருது" என்றார் வாத்தியார். சகோதரிகளே, நம் கை முறத்தில்கூட குருவியின் பிழைப்பு இருந்திருக்கிறது!

அறிவியலில் இவர் பக்கம்தான் நியாயம். இருந்தும் நான் அத்தை பக்கம் சேர்ந்தேன். "வீடு அத்தை பேர்ல இருக்கு. அவுக வேண்டாம்னா வேண்டாம்தான்" என்று சொல்லி விட்டேன். இவர் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டவர் நாலு வீடு தள்ளி இன்னொருவர் மாடிக்குப் போனது. வாடகையும் அங்கே போனது. மகன் படிப்புக்குச் சீட்டுப் போட்டுத்தான் சமாளித்தோம்.

நான் வென்டிலேட்டர் வலையைக் கழற்றினேன். தாழ்வாரத்தில் ஓட்டை போட்ட மண் கலயம் ஒன்றைக் கட்டினேன். மாடியில் ஒரு தட்டில் தண்ணீர், ஒரு கைப்பிடி கம்பு. ஒன்றரை வருடம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு மாசி மாதக் காலையில் ஒரு ஜோடி வந்தது! அத்தை என்னை அடுப்படியில் இருந்து கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார்கள்.

போன மாதம் டி.வி.யில் மறுபடி அந்தப் படம். மறுபடி சண்டை. "அந்த டவர் தெரியுற தூரத்துலதான் குருவி குஞ்சு பொரிக்குது. வாடகை போனதுதான் மிச்சம்" என்றார் இவர். "நான் வேண்டாம்னதாலதான் அது வந்துச்சு" என்றார்கள் அத்தை. எங்கள் ஒரு வீட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று மகன் தீர்ப்புச் சொன்னான். இப்போது அவனுக்கு மீசை முளைத்து விட்டது.

படத்தில் சொன்ன காரணம் தப்பாக இருக்கலாம். அதைப் பார்த்து ஒருவர் அழுதால், எதற்காக அழுகிறார் என்று கேட்காமல் சிரித்து விடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதை வேண்டாம் என்கிறார்கள்? ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்களேன். உங்கள் வீட்டுக்குக் குருவி வருகிறதா என்றும் எழுதுங்கள்.

- ஒரு வாசகி, ராஜபாளையம்