உங்களுக்குத் தெரியுமா? தொகுப்பாளர் நாற்காலியில் அடுத்து யார்?

● பொழுது சாய்ந்தபின் மத்திய அலை வானொலி வெகுதூரம் எட்டும். பகலில் அலையை உறிஞ்சிக்கொள்ளும் கீழ் அயனி அடுக்கு இரவில் கலைந்துவிடுவதால், மேலடுக்கில் பட்டு அலை தரைக்குத் திரும்புகிறது. அதிலும் உப்புநீர் மேல் போகும் அலை நிலத்தின் மேல் போவதைப்போல் சீக்கிரம் வலுவிழக்காது. வேதாரண்யத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே இருப்பதோ முழுக்கக் கடல். இலங்கை வானொலித் தமிழ் தமிழகக் கரையில் வீட்டுக்குள் வந்து பேசியதற்கு இயற்கையே துணைநின்றது.

● 1952-ல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. பாட்டு வேண்டியவர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். விவித பாரதி வந்தது 1957 அக்டோபர் 3-ல். அந்த இடைவெளியில் இலங்கை அறிவிப்பாளர்களின் குரல் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது.

● இலங்கை வானொலியில் எஸ்.பி. மயில்வாகனன் என்ற பெயரே ஒரு காலத்தின் அடையாளம். அவருக்குப் பின் யார் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் எனப் பலர் வந்தார்கள். ராஜாவிடம் மடமடவென்ற வேகம். ஹமீதிடம் எழுத்து பிசகாத நிதானம். ஒருவர் இன்னொருவரைப்போலப் பேச முயலவே இல்லை. என் கணிப்பில், வாரிசு தேடும் எந்தத் தொலைக்காட்சியும் முதலில் படிக்கவேண்டிய பாடம் இதுதான். ஹமீத் குழந்தைக் கலைஞராகவே வானொலிக்குள் வந்தவர். பின்னாளில் அவருடைய ‘பாட்டுக்குப் பாட்டு’ தமிழகத் தொலைக்காட்சிக்கும் வந்தது.

● அதே இலங்கை வானொலியின் இந்திப் பிரிவில் ‘பினாகா கீத்மாலா’ 1952-ல் தொடங்கியபோது, வாரம் 25 ரூபாய்தான் சம்பளம். பாட்டுத் தேர்வு, எழுத்து, பேச்சு, நேயர் கடிதம் எல்லாம் ஒரே ஆள் பார்க்கவேண்டும். மூத்தவர்கள் யாரும் அந்தத் தொகைக்கு முன்வராததால் வாய்ப்பு இளைஞர் அமீன் சயானிக்குப் போனது. இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற வானொலிக் குரல் ஒன்று இப்படித்தான் நமக்குக் கிடைத்தது.

● மூத்தவர் நின்ற இடத்தில் இளையவர் நிற்கும் கதை வேதாரண்யத்துக்குப் புதிதல்ல. மறைகள் பூசித்து அடைத்துவிட்டுப் போன, வேதாரண்யம் எனும் திருமறைக்காட்டுக் கோயில் கதவைத் திறக்க அப்பர் பதிகம் பாடினார். கதவு திறக்கத் தாமதமானது. திரும்ப அடைக்கச் சம்பந்தர் பாடினார். முதல் பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. வயதில் மூத்த அப்பர் இதை எண்ணி மனம் கலங்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஒப்பிடுதல் எத்தனை பெரியவரையும் வருத்தும் என்பதைச் சேக்கிழார் மறைக்காமல் எழுதியது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைக்கிறது.

● தமிழில் மிகத் துணிச்சலான மாற்றம் சன் டி.வி.யின் ‘அரட்டை அரங்க’த்தில் நடந்தது. ‘சம்சாரம் அது மின்சாரம்’ இயக்கிய விசு, சாதாரண மக்களை மைக் முன்னால் நிறுத்திப் பேசவைத்த நிகழ்ச்சி அது. அவர் ஜெயா டி.வி.க்குப் போய் ‘மக்கள் அரங்கம்’ தொடங்கினார். காலியான இடத்துக்கு வந்தவர் டி. ராஜேந்தர்! விசு வீட்டுப் பெரியவர்போல வாதத்தைக் கிளறிக் கேட்பவர். ராஜேந்தர் எதுகையும் மோனையுமாகத் தானே அரங்கை அதிரவைப்பவர். இன்னொரு விசுவைத் தேடியிருந்தால் அரங்கம் போலியாகியிருக்கும்.

● விஜய் டி.வி.யில் ‘காஃபி வித் சுச்சி’ பிறகு ‘காஃபி வித் அனு’ ஆனது, அதன்பின் ‘காஃபி வித் டிடி’. ஆள் மாறினால் பெயர்ப்பலகையும் மாறும் ஏற்பாடு. புதியவருக்கு இதைவிட மரியாதை வேறில்லை.

● ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யில் முதல் சுற்றுக்குச் சூர்யா, இரண்டாவதற்குப் பிரகாஷ்ராஜ், மூன்றாவதற்கு அரவிந்த்சாமி. இந்தி மூலத்தில் அமிதாப் பச்சன் உடல்நலமில்லாமல் விலகியபின் 2007-ல் ஷாருக்கான் நடத்தினார். 2010-ல் அமிதாப் திரும்பிவந்தார். அந்த நாற்காலி இன்றுவரை அவர் பெயரில்தான் மனதில் பதிந்திருக்கிறது.

● 2017-ல் ‘பிக் பாஸ்’ தமிழைத் தொடங்கிவைத்த கமல்ஹாசன், ஏழு சீசன்களுக்குப் பின் 2024 ஆகஸ்டில் ஓய்வு எடுப்பதாக அறிவித்தார். இரண்டே மாதத்தில், அக்டோபர் 6-ல், விஜய் சேதுபதி மேடையேறினார். அவர் முன்பே ‘நம்ம ஊரு ஹீரோ’, ‘மாஸ்டர் செஃப்’ தமிழ் இரண்டிலும் தொகுத்துப் பழகியவர். கமல் இலக்கியத்தைத் தொட்டுக்கொண்டு சுற்றி வருவார், புத்தகம் பரிந்துரைப்பார். சேதுபதி நேரே கேள்விக்கு வருவார். முதல் வாரங்களில் எழுந்த ஒப்பீட்டுக் கூச்சலுக்கு அவர் கமலாக மாறிப் பதில் சொல்லவில்லை. சரியாகவே செய்தார்.

● தமிழில் பின்னிரவுப் பேச்சு என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது டாக்டர் மாத்ருபூதம். விஜய் டி.வி.யின் ‘புதிரா புனிதமா’வில் டாக்டர் ஷர்மிளாவுடன் அமர்ந்து, வீட்டில் யாரும் கேட்கத் துணியாத பாலியல் கேள்விகளுக்குக் கூசாமல், கொச்சையாக்காமல் பதில் சொன்ன மனநல மருத்துவர். அவர் விட்டுச்சென்ற இடத்தில் அதே நம்பிக்கையுடன் இன்னொருவர் உட்காரவில்லை என்பதே என் எண்ணம்.

● அமெரிக்காவில் பின்னிரவுப் பேச்சு நாற்காலிக்குப் பெரும் சண்டையே நடந்திருக்கிறது. என்.பி.சி.யின் ‘டுநைட் ஷோ’ 1954-ல் ஸ்டீவ் ஆலனுடன் தொடங்கியது. பிறகு ஜாக் பார். 1962 அக்டோபர் 1 முதல் ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஜானி கார்சன். அவர் 1992 மே 22-ல் விடைபெற்றார். அவருக்கு அடுத்த நேரத்தில் பத்து ஆண்டுகளாக நிகழ்ச்சி நடத்திய டேவிட் லெட்டர்மேனுக்குத்தான் அது போகும் என்று பலர் நினைத்தார்கள். நிறுவனம் ஜே லெனோவைத் தேர்ந்தெடுத்தது. லெட்டர்மேன் 1993-ல் சி.பி.எஸ்.ஸுக்குப் போய் எதிர்க்கடை விரித்தார்.

கார்சன் யார் பக்கம் என்பது பின்னால் தெரிந்தது. லெனோவின் மேடைக்கு அவர் போகவே இல்லை. 1994-ல் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் தோன்றி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார். ஓய்வுக் காலத்தில் நகைச்சுவைத் துணுக்குகளை எழுதி லெட்டர்மேனுக்கு ரகசியமாக அனுப்பியும் வந்தார். 2005 ஜனவரியில் கார்சன் மறைந்தபின், லெட்டர்மேன் ஒருநாள் தொடக்க உரை முழுவதையும் அந்தத் துணுக்குகளாலேயே பேசினார். வாரிசைப் பற்றி நான் அறிந்த செய்திகளில் மனதைத் தொட்டது இது.

● வாரிசை ஐந்து ஆண்டுகள் முன்கூட்டி அறிவித்தாலும் பயனில்லாமல் போகலாம். 2009-ல் லெனோ விலகுவார், கானன் ஓ’பிரையன் வருவார் என்று என்.பி.சி. 2004-லேயே சொன்னது. சொன்னபடி கானன் வந்தார். ஆனால் லெனோ போகவில்லை. இரவு 10 மணிக்கே அவருக்கு வேறு நிகழ்ச்சி கொடுத்தார்கள். அது எடுபடாமல் போகவே, லெனோவை மறுபடி 11.35-க்கு நகர்த்தி, கானனை நள்ளிரவு தாண்டித் தள்ளப் பார்த்தார்கள். கானன் மறுத்து 2010 ஜனவரி 22-ல் வெளியேறினார். எட்டு மாதம்கூட முழுதாக நீடிக்கவில்லை. மூத்தவர் முழுமனதாக விலகாத இடத்தில் இளையவருக்கு இடம் கொடுப்பது அநியாயம்.

● ஆளைத் தேர்ந்தெடுக்க நல்ல வழி பலரை மாறிமாறி உட்காரவைத்துப் பார்ப்பது. சி.பி.எஸ்.ஸின் ‘லேட் லேட் ஷோ’வுக்கு 2004-ல் அப்படிச் சோதித்து, கடைசி நால்வரில் ஒருவராக நின்ற ஸ்காட்லாந்துக்காரர் கிரெய்க் ஃபெர்குசனை எடுத்தார்கள். பத்து ஆண்டுகள் நடத்தினார். அதே வழி ‘டெய்லி ஷோ’வுக்கு உதவவில்லை. 2022 இறுதியில் ட்ரெவர் நோவா விலகியபின் 2023-ல் விருந்தினர்கள் மாறிமாறி நடத்தினார்கள்; 2024-ல் திங்கட்கிழமைகளுக்குப் பழைய தொகுப்பாளர் ஜான் ஸ்டூவர்ட்டையே அழைத்தார்கள்.

● லெட்டர்மேன் தம் ஓய்வை 2014 ஏப்ரல் 3-ல் சொன்னார். ஒரே வாரத்தில் அவருடைய ‘லேட் ஷோ’வுக்கு ஸ்டீபன் கோல்பேர் பெயர் அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் சி.பி.எஸ். எடுத்த முடிவு வேறு: ‘லேட் ஷோ’ 2026 மே மாதத்துடன் நிறுத்தப்படும், காரணம் நிதிநிலை என்றது. கோல்பேருக்குப் பின் யாரையும் அது தேடவில்லை.