காதற்கு அஞ்சுவார்

நாணம் பெண்டிர்க்கே உரியதென்பார் பலர். ஆயின் வள்ளுவனார் 114-ஆம் அதிகாரத்திற்கு நாணுத்துறவுரைத்தல் எனப் பெயரிட்டு, ஆடவன் மடலேறத் துணிதலை அதன்கண் வைத்தார். துறத்தற்குரிய நாணம் அவன்பால் முன்னரே இருந்திருத்தல் வேண்டுமன்றோ? மடலேறுதலாவது, பனை மடலாற் செய்த குதிரைமேல் அமர்ந்து, எருக்கம்பூச் சூடி, காதலியின் உருவெழுதிய கிழியை ஏந்தி, ஊரார் காணத் தெருவில் வருதல். பனங்கருக்கின் கூர்மையை நாஞ்சில் நாட்டு வடலிகளிடையே விளையாடி வளர்ந்தோர்க்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வாடவர் நாணமே அண்மைக்காலத் தமிழ்ப் படங்கள் சிலவற்றிற்குப் பொருளாயிற்று. கதிர் இயக்கி 1991-ல் வெளிவந்த 'இதயம்' அவற்றுள் தலையாயது. நாட்டுப்புறத்தினின்று சென்னை வந்த மருத்துவ மாணவன் இராஜா, கீதா என்பாளைக் காதலித்தும் வாய்திறந்திலன். பின்னர் அவளே அவனை விரும்பி வருங்கால், நோயுற்ற அவன் நெஞ்சம் பெருமகிழ்ச்சியையும் தாங்காதென மருத்துவர் தடுக்கின்றனர். இராஜாவாக நடித்த முரளி 2010-ல் மறைந்தார். எனினும், சொல்லாமலே காதலிக்கும் இளைஞனை 'இதயம் முரளி' என அழைக்கும் வழக்கு இன்றும் எம்மிடை உண்டு.

அவ்வழக்கையே நகைச்சுவையாக்கியது 2017-ல் வந்த 'மேயாத மான்'. இரத்னகுமார் தாம் முன்னர் எடுத்த 'மது' என்னும் குறும்படத்தை விரித்து இதனை அமைத்தார். இராயபுரத்து மேடைப் பாடகனான கதைத்தலைவனுக்குப் பெயரே 'இதயம்' முரளி! உடன் பயின்ற மதுமிதாவிடம் பல்லாண்டு ஊமையாயிருந்தவன், அவளுக்கு மணம் உறுதியானவுடன் உயிர்விடுவேன் என்கின்றான். பழைய நூல்களிற் பாங்கன் செய்யும் பணியை நண்பர் செய்கின்றனர்.

யாமும் வயிறு குலுங்க நகைத்தோம். ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். உயிர்விடுவேன் என்னும் மிரட்டல் துணிவன்று. தானே சொல்லியிருக்க வேண்டிய ஒரு சொல்லின் சுமையை, ஏதுமறியாத மங்கையின் தலையில் ஏற்றுவதாகும். பழைய மடற்குதிரையும் பெரிதும் இத்தகையதே. கருக்கு ஏறுவோனையே கிழித்தது மெய். பழியோ அவள்மேல் விழுந்தது. மறுத்துக் கூறும் உரிமை அவட்கு எங்கேனும் விடப்பட்டதா?

பிரேம்குமாரின் '96' (2018) இவ்வகையில் எம்மை மிகவும் வருத்தியது. தஞ்சைப் பள்ளியில் ஜானு நெஞ்சில் கைவைத்த அளவிலே மயங்கி வீழ்ந்த இராம், பின்னொருநாள் அவள் பயிலும் கல்லூரிக்கே வந்து, பிறள் ஒருத்திவழிச் செய்தி அனுப்புகின்றான். வந்தவன் வேறொருவனென மயங்கிய ஜானு காண மறுக்கின்றாள். அவன் திரும்பிப் போகின்றான். வந்தவன் இராம் என்பதை அவள் அறிவது பல்லாண்டு கழிந்து ஓரிரவில். அப்போது அவள் பிறன் மனைவி, ஒரு குழந்தைக்குத் தாய்.