அத்திலாந்திக்கைக் கடக்கும் விமானப் பாதைகளும் கம்பனிகளின் இணைப்பும்



ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் இணைக்கும் விமானப் பாதைகள் குறித்து வினா வந்தால், தூரம், காற்று, சனத்தொகை, வர்த்தகம் ஆகியவற்றைக் காரணங்களாக எழுதுவீர்கள். அவை சரியானவையே. ஆயினும் இன்னொரு காரணமும் உண்டு. எந்தக் கம்பனி எந்தக் கம்பனியுடன் சேர்ந்துள்ளது என்பதும் பாதைகளையும் நேர அட்டவணையையும் மாற்றுகின்றது.

1. கூட்டணியும் ஒன்றிணைப்பும்

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கூட்டணியில் கம்பனிகள் தனித்தனியே இயங்கிக்கொண்டு ஒத்துழைக்கின்றன. ஒரு கம்பனியின் விமானத்தில் மற்றக் கம்பனியும் பயணச்சீட்டு விற்கலாம். ஸ்டார் அலையன்ஸ் (1997), வன்வேர்ள்ட் (1999), ஸ்கை ரீம் (2000) என்பன மூன்று பெரிய கூட்டணிகள். நமது ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 இல் வன்வேர்ள்ட் கூட்டணியில் சேர்ந்தது.

ஒன்றிணைப்பில் உரிமையே ஒன்றாகின்றது. 2008 இல் டெல்டாவும் நோர்த்வெஸ்டும் இணைந்தபின் நோர்த்வெஸ்ட் என்ற பெயர் மறைந்தது. 2004 இல் எயார் பிரான்சும் கே.எல்.எம்.மும் ஒரே குழுமமாயின. ஆனால் இரு பெயர்களும் நிலைத்துள்ளன.

2. பாதைகள் மாறுவது ஏன்?

பெரிய கம்பனிகள் பல ஊர்ப் பயணிகளை ஒரு மைய விமான நிலையத்திற்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நீண்டதூர விமானத்தில் ஏற்றுகின்றன. 1992 இல் நெதர்லாந்தும் ஐக்கிய அமெரிக்காவும் திறந்த வான் உடன்படிக்கை செய்தன. அடுத்த ஆண்டில் கே.எல்.எம்., நோர்த்வெஸ்ட் ஆகியன கூட்டாகக் கட்டணத்தையும் அட்டவணையையும் திட்டமிட அமெரிக்க அரசு அனுமதித்தது. இதனால் அம்ஸ்ரடாம் ஒரு முனையிலும், நோர்த்வெஸ்டின் மையங்களான டெற்றொயிற், மினியாபொலிஸ் மறுமுனையிலும் அமைந்த பாதைகள் வலுப்பெற்றன. சிறிய நாடான நெதர்லாந்து பெரிய விமான மையமாக வளர இதுவும் உதவியது.

3. ஒரு நகரம் இழந்தது

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மெம்பிஸ் நகரமும் நோர்த்வெஸ்டின் மையமாக இருந்தது. அங்கிருந்து அம்ஸ்ரடாமுக்கு நேரடி விமானம் பறந்தது. ஒன்றிணைப்பின் பின் நிலைமை மாறியது. டெல்டாவின் மிகப்பெரிய மையமான அட்லாண்டா, மெம்பிஸிலிருந்து சுமார் 530 கிலோமீற்றர் தூரத்திலேயே உள்ளது. ஒரே கம்பனிக்கு அருகருகே இரு மையங்கள் எதற்கு? 2012 இல் அம்ஸ்ரடாம் சேவை நின்றது. 2013 இல் மெம்பிஸ் மையமும் மூடப்பட்டது. அந்நகர மக்களுக்கு ஐரோப்பாவுக்கான நேரடி வழி இல்லாமற்போனது. நகரம் இடம் மாறவில்லை, தூரமும் மாறவில்லை. கம்பனியின் உரிமையே மாறியது என்பதைக் கவனியுங்கள்.

4. நேர அட்டவணை

நியூயோர்க் நேரம் இலண்டன் நேரத்திலும் பொதுவாக 5 மணித்தியாலம் பிந்தியது. நியூயோர்க்கில் மாலை 7 மணிக்குப் புறப்படும் விமானம் 7 மணித்தியாலம் பறந்தால், இலண்டனில் காலை 7 மணிக்குச் சேரும். காலையில் சேர்ந்தால் வேறு ஊர்களுக்கு இணைப்பு விமானம் பிடிக்கலாம். எனவே போட்டிக் கம்பனிகள் இரண்டும் மாலை 7 மணியையே விரும்பும். அவை கூட்டாக இயங்கினால் ஒன்றை 6 மணிக்கும் மற்றையதை 8 மணிக்கும் வைக்கலாம். பயணிக்குத் தெரிவு கூடும். ஆனால் அவ்விரு விமானங்களுக்கும் இடையே கட்டணப் போட்டி இராது.

5. அரசுகளின் பங்கு

1977 இல் செய்யப்பட்ட ஓர் உடன்படிக்கையின்படி, இலண்டன் ஹீத்ரோவிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்கு பிரித்தானிய, அமெரிக்கக் கம்பனிகளுள் நாட்டிற்கு இரண்டு மட்டுமே பறக்கலாம் என்றிருந்தது. 2008 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்துடனான திறந்த வான் உடன்படிக்கை அமுலுக்கு வந்ததும் இத்தடை நீங்கியது. 2010 இல் பிரிட்டிஷ் எயார்வேஸ், அமெரிக்கன் எயார்லைன்ஸ், ஐபீரியா ஆகியன அத்திலாந்திக் சேவையைக் கூட்டாக நடத்த அனுமதி பெற்றன. நியூயோர்க், பொஸ்ரன், டலஸ், மியாமி ஆகிய நகரங்களுக்குப் பறக்க விரும்பும் போட்டிக் கம்பனிகளுக்கு இலண்டனில் விமான நேர இடங்களை விட்டுக்கொடுப்பதாக அவை ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் உறுதியளித்தன.

நினைவிற் கொள்க

நன்மைகள்: ஒரே பயணச்சீட்டில் பல ஊர்கள், இலகுவான இணைப்பு, கம்பனிக்குச் செலவுக் குறைவு.
தீமைகள்: போட்டி குறைதல், கட்டணம் உயரும் அபாயம், சில நகரங்கள் நேரடிச் சேவையை இழத்தல்.

நன்மைகளை மட்டும் எழுதி விடையை முடித்துவிடாதீர்கள். யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு என்று பிரித்து, ஓர் உதாரண நகரத்தையும் குறிப்பிட்டால் விடை முழுமை பெறும்.

மாதிரி வினா: விமானக் கம்பனிகளின் ஒன்றிணைப்பால் அம்ஸ்ரடாம், மெம்பிஸ் போன்ற நகரங்கள் ஒரே விதமாகப் பாதிக்கப்படுவதில்லை. காரணங்களுடன் விளக்குக.