எளிய விலையில் ஏற்ற குழல்

குழல் தமிழருக்குப் புதியதொரு கருவி அன்று. ஆநிரை மேய்க்கும் ஆயன் தீக்கடைகோலாற் சுட்டுத் துளையிட்டு மூங்கிற்குழல் செய்துகொண்ட செய்தியைப் பெரும்பாணாற்றுப்படை கூறும். ஐந்தெழுத்தைக் குழலில் வாசித்து இறைவன் அருள்பெற்ற ஆனாய நாயனாரின் வரலாற்றைச் சேக்கிழார் பாடியுள்ளார். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்பவற்றைக் குழல் செய்தற்குரிய பொருள்களாக எடுத்தோதி, அவற்றின் தரத்தையும் பிரித்துரைக்கின்றார். மூங்கில் காலத்துக்கேற்ப வேறுபடும் என்பதும், மரம் எக்காலத்தும் ஒத்து நிற்கும் என்பதும் அவர் காட்டும் நுட்பங்கள். ஆகவே, குழலை எப்பொருளாற் செய்வது என்னும் வினா நம்மிடையே பல நூற்றாண்டுப் பழமையுடையது. அப்பொருள்களின் வரிசையில் இன்று பிளாத்திக்கும் வந்து சேர்ந்துள்ளது. பாடசாலைச் சிறுவர் கையிற் காணப்படும் றெக்கோடர் என்னும் ஊதுகுழல் பெரும்பாலும் பிளாத்திக்கினால் ஆயதே.

கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளை, நெல்வயல் சூழ்ந்த ஊர். 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரில் உடைமை அனைத்தையும் இழந்து மீண்டு வந்தோர் அப்பகுதியிற் பலர். 2018 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளம் அம்மாவட்டத்தை மீண்டும் வருத்தியது. இத்தகைய ஊரில் ஒரு தந்தை தம் பிள்ளைக்குக் குழல் வாங்கப் பரந்தன் சந்தியிற் பேருந்தேறிக் கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்வாராயின், அவர் கைப்பணம் வயலில் விளைந்த பணம். அதனைக் கொடுத்து வாங்கிய குழல் சுருதி சேராததாயின், பணம் வீணாவதோடு பிள்ளையின் ஆர்வமும் வீணாகும். குழலின் குறையைத் தன் குறையென்று பிள்ளை எண்ணும். 'எனக்குச் சங்கீதம் வராது' என்று தானே முடிவு செய்து ஒதுங்கிவிடும். ஆதலால், எளிய விலையில் ஏற்ற குழலைத் தேரும் முறையை ஆசிரியரும் பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும்.

றெக்கோடர் ஐரோப்பாவிற் பல நூற்றாண்டு பயின்ற கருவி. 18 ஆம் நூற்றாண்டிற் பக்கக்குழலின் செல்வாக்கு ஓங்கவே, இது வழக்கு வீழ்ந்தது. இங்கிலாந்தில் ஆணல்ட் டொல்மெட்ஸ் என்பார் 1919 ஆம் ஆண்டளவில் இதனை மீளச் செய்து புத்துயிர் அளித்தார். 1930 களில் எட்கர் ஹன்ட் முதலியோரின் முயற்சியால் அந்நாட்டுப் பாடசாலைகளில் இது புகுந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் டொல்மெட்ஸ் குடும்பத்தார் பேக்கலைற்று என்னும் செயற்கைப் பொருளாற் குழல்களை வார்த்தனர். மரத்தைக் கடைந்து ஒவ்வொன்றாகச் செய்யப்பட்ட கருவி, அச்சில் வார்க்கப்படும் கருவியாயிற்று, விலையும் இறங்கிற்று. பின்னர் வந்த ஏ.பீ.எஸ். என்னும் உறுதியான பிளாத்திக்கினால், ஒரே அளவினவாகப் பல்லாயிரங் குழல்களை வார்த்தல் எளிதாயிற்று. செம்மையாகச் செய்த ஓர் அச்சிலிருந்து வரும் குழல்கள் யாவும் ஏறக்குறைய ஒரே சுருதியில் நிற்கும். எனவே பிளாத்திக்கு என்பதனால் மட்டும் ஒரு குழலை இழிந்ததெனக் கொள்ளல் பொருந்தாது.

இக்குழலின் தலைப்பகுதியில் ஒடுங்கிய காற்றுவழி ஒன்று உண்டு. வாயினின்று செல்லும் மூச்சு அவ்வழியே ஒழுங்காகப் பாய்ந்து, எதிரேயுள்ள கூர்விளிம்பில் மோதுகின்றது. அதனாற் குழலினுள்ளிருக்கும் காற்றுநிரல் அதிர்ந்து ஒலி பிறக்கின்றது. புல்லாங்குழலில் உதட்டால் அமைத்துக்கொள்ள வேண்டிய காற்றோட்டத்தை இங்குக் கருவியே அமைத்துக் கொடுக்கின்றது. முதல்நாளிலேயே சிறுவர் ஒலியெழுப்ப முடிவது இதனாலேயே. சொப்ரானோ எனப்படும் சிறிய வகை ஏறத்தாழ 33 சதமீற்றர் நீளமுடையது. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையின் விரல்களுக்கு எட்டுவது. முன்புறம் ஏழு துளைகளும், பின்புறம் பெருவிரலுக்கு ஒரு துளையும் உள்ளன. எல்லாத் துளைகளையும் மூடி மெல்ல ஊதினால் எழும் ஒலி, நம் வழக்கில் ஒரு கட்டைச் சுருதியின் சட்சம். அதனை ஆதாரமாகக் கொண்டு துளைகளை முறையே திறந்து செல்லின் சங்கராபரணத்தின் சுரங்கள் பிறக்கும்.

தேர்வில் முதலில் நோக்கற்பாலது சுருதி. விளையாட்டுப் பொருளாக விற்கப்படும் குழலும் இசைக்கருவியாகச் செய்யப்பட்ட குழலும் தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும். செவியே அவற்றை வேறு பிரிக்கும். சுருதிப்பெட்டியைச் சட்சத்தில் ஒலிக்கவிட்டு, குழலிற் சட்சம், பஞ்சமம், மேற்சட்சம் ஆகிய மூன்றையும் ஒரே அளவான மூச்சில் நிறுத்தி ஊதிப் பார்த்தல் வேண்டும். மேற்சட்சம் கீழ்ச்சட்சத்தோடு இழையாதாயின் அக்குழலை நீக்குக. பெளதிகவியல் பயிலும் மாணவர் இதனை வேறொரு வகையாலும் சோதிக்கலாம். இரு குழல்கள் ஒரே சுரத்தை ஒலிக்கும்போது, ஒன்றின் மீடிறன் 523 ஆகவும் மற்றதன் மீடிறன் 526 ஆகவும் இருப்பின், செக்கனுக்கு மூன்று அடிப்புகள் செவியிற் படும். முப்பது பிள்ளைகள் முப்பது வகைக் குழல்களை ஊதும் வகுப்பறை இரைச்சலாவதன் காரணம் இதுவே. ஆகவே, ஒரு வகுப்பினர் யாவரும் ஒரே வகைக் குழலை வாங்குதல் நன்று. இசையொலிகளை எண்ணால் அளந்து ஆராயலாம் என்பதை 1947 இல் வெளிவந்த யாழ்நூலில் விபுலாநந்த அடிகள் காட்டியுள்ளார். அந்நோக்குச் சிறுகுழலைத் தேர்வதற்கும் உதவும்.

இரண்டாவதாக நோக்கற்பாலன, அடியிலுள்ள ஆறாம் ஏழாம் துளைகள். நல்ல குழலில் இவை ஒவ்வொன்றும் இரு சிறு துளைகளாக அமைந்திருக்கும். ஏழாவதில் ஒன்றை மட்டும் மூடினாற் சுத்த ரிஷபமும், ஆறாவதில் ஒன்றை மட்டும் மூடினாற் சாதாரண காந்தாரமும் பிறக்கும். இவ்விடத்தில் ஒற்றைத் துளையுடைய மலிவுக் குழல்களில் அச்சுரங்களைச் செம்மையாகப் பெறுதல் அரிது. கர்நாடக சங்கீதத்தில் ஆரம்பப் பாடம் மாயாமாளவகௌளை. அதன் ரிஷபமோ சுத்த ரிஷபம். எனவே, நம் பிள்ளைகளுக்கு இவ்விரட்டைத் துளை முதற்பாடத்திலேயே வேண்டப்படுவது.

மூன்றாவது, விரலமைப்பு. றெக்கோடரிற் பறோக் முறை, ஜேர்மன் முறை என இரண்டு உண்டு. பின்னையது 1920 களில் ஜேர்மனியிற் பீற்றர் ஹார்லன் என்பவராற் புகுத்தப்பட்டது. அதில் நாலாந் துளைவரை மூடிய அளவிலேயே சுத்த மத்திமம் கிடைக்கும். பறோக் முறையிலோ, அதனோடு ஐந்தாவதைத் திறந்துவைத்து ஆறாவதையும் ஏழாவதையும் மூடுதல் வேண்டும். சிறு பிள்ளைக்கு இது தொடக்கத்திற் சிறிது கடினமே. ஆயினும், ஜேர்மன் முறைக் குழலிற் பிரதி மத்திமம் செம்மையாக எழுவதரிது. மத்திமமே இல்லாத மோகனத்தை வாசிக்கும் வரையில் இவ்வேறுபாடு புலப்படாது; கல்யாணிக்கு வந்ததும் குறை வெளிப்படும். ஒருவார எளிமைக்காகப் பல்லாண்டுத் தடையை விலைக்கு வாங்குதல் தகாது; பறோக் முறையே கொள்ளத்தக்கது. கண்ணாற் பார்த்தும் இதனை அறியலாம். மேலிருந்து எண்ணும்போது நாலாந் துளை ஐந்தாவதிலும் சிறியதாயின் பறோக். ஐந்தாவது சிறியதாயின் ஜேர்மன். யப்பான் நாட்டு யமஹா நிறுவனத்தின் எளிய விலைக் குழல்களில் 24பீ என்னும் இலக்கமுடையது பறோக் முறையினது. 23 என்னும் இலக்கமுடையது ஜேர்மன் முறையினது. ஔலொஸ் என்னும் யப்பானியக் குழல்களிலும் இருவகையும் உண்டு. தபாலில் வரவழைப்போர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக எழுதிக் கேட்டல் வேண்டும்.

நான்காவது, பகுதிகளாகக் கழற்றத்தக்க அமைப்பு. வெப்பம் ஏற ஏற ஒலியின் வேகம் ஏறும். 20 பாகையிற் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றராகச் செல்லும் ஒலி, 32 பாகையில் ஏறத்தாழ 351 மீற்றராகச் செல்லும். அதற்கேற்பக் குழலின் சுருதியும் உயரும். வன்னியின் கோடை நண்பகலில் இவ்வுயர்வைச் செவி எளிதில் உணரும். தலைப்பகுதியை ஓரிரு மில்லிமீற்றர் வெளியே இழுத்தாற் சுருதி தாழ்ந்து ஒத்துவரும். ஒரே துண்டாக வார்த்த குழலில் இதற்கு இடமில்லை. கழற்றத்தக்க குழலிற் பாதப்பகுதியைப் பிள்ளையின் சிறுவிரலுக்கு இசையத் திருப்பிக்கொள்ளவும் முடியும்.

கடையில் வாங்குவோர் இன்னுஞ் சில காண்க. பொருத்துகள் ஆடாமலும் இறுகிப் பிடியாமலும் இருத்தல் வேண்டும். கூர்விளிம்பிற் பிசிறோ வடுவோ இருத்தலாகாது. ஆகக் கீழ்ச்சுரம் மெல்லிய மூச்சிலும் எழுதல் வேண்டும். மேற்சுரங்கள் வன்மையாக ஊதாமலே ஒலித்தல் வேண்டும். பளபளப்பும் வண்ணமும் ஒலிக்கு உதவா.

வாங்கிய பின் பேணுதல் எளிது. இளஞ்சூட்டு நீரிற் சிறிது சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்தலாம், கொதிநீர் ஆகாது. வெயிலில் நிறுத்திய வாகனத்துள் விட்டுவைத்தலும் ஆகாது. காற்றுவழியில் ஈரம் தங்கி ஒலி கம்மினால், கூர்விளிம்பின் மேலுள்ள வாயிலை விரலால் மூடி ஒருமுறை பலமாக ஊதினால் ஈரம் நீங்கும். ஈர்க்கும் ஊசியும் கொண்டு அவ்வழியைக் குடைதல் குழலைக் கெடுத்துவிடும். ஒருவர் வாய்வைத்த குழலைக் கழுவாது மற்றொருவர் ஊதலாகாது.

இத்துணையும் கூறியதனாற் புல்லாங்குழலின் இடத்தை இக்கருவி பெறும் என்று கொள்ளற்க. துளையின்மேல் விரல் வழுக்கி நெளிய, மூச்சு அதனோடு குழைய எழும் கமகம் மூங்கிற்குழலுக்கே இயல்பானது. றெக்கோடரில் அஃது ஓரளவே கைகூடும். ஆயினும், சுரத்தானத்தை அறிதல், மூச்சை அடக்கி ஆளுதல், பிறரோடு இணைந்து வாசித்தல் என்னும் மூன்று பயிற்சியையும் பிள்ளைக்கு இச்சிறு குழல் தரவல்லது. மரத்தாற் செய்த நல்ல குழலின் விலை இதனிற் பன்மடங்கு. அதனை எதிர்நோக்கிக் காத்திருப்பின் இளமை கழிந்துவிடும். சுருதி செம்மையும், இரட்டைத் துளையும், பறோக் விரலமைப்பும், கழற்றத்தக்க தலையும் உடைய எளிய குழல் ஒன்றே தொடக்கத்துக்குப் போதுமானது. குழலுக்கு விலை குறைதல் குறையன்று. சுருதி குறைதலே குறை. இதனை அறிந்து வாங்கினால், வயலில் விளைந்த பணம் பிள்ளையின் நாவிலும் விரலிலும் இசையாக விளையும்.