நீர்க்காகம் மீனை ஏன் விழுங்குவதில்லை?

சீனாவின் லி ஆற்றில், மூங்கில் தெப்பத்திலிருந்து பாயும் நீர்க்காகம் மீனைக் கவ்விக்கொண்டு மீனவரிடமே திரும்பும். பிடித்ததை ஏன் விழுங்குவதில்லை?

கழுத்தின் அடியில் கட்டிய கயிறுதான் காரணம். சிறு மீன் உள்ளே போகும். பெரிய மீன் தொண்டையிலேயே நிற்கும். மீனவர் அதைக் கக்கவைத்துக் கூடையில் போடுவார். வேட்டை முடிந்ததும் கயிற்றை அவிழ்த்து, பறவைக்கும் பங்கு கொடுப்பார்.

நீர்க்காகம் எளிதாக முங்குவது எப்படி? வாத்தின் இறகில் நீர் ஒட்டாது. இடையில் தங்கும் காற்று அதை மிதக்கவைக்கும். நீர்க்காகத்தின் இறகோ ஓரங்களில் நனையும். காற்று வெளியேறி மிதப்பு குறையும். சவ்வுக்கால்களால் உதைத்து ஆழத்துக்குப் போகும். கரையேறியதும் சிறகை விரித்துக் காய்வதும் இதனால்தான். அலகின் கொக்கி நுனி, வழுக்கும் மீனை நழுவவிடாது.

1320களில் சீனா சென்ற இத்தாலியத் துறவி ஓடோரிக், நீர்க்காகத்தை வைத்து மீன் பிடிக்கும் இம்முறையைக் குறித்திருக்கிறார். இன்று லி ஆற்றில் இது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சி.