தாத்தாவின் மடக்குக் கத்தியைப் புதுப்பிக்கலாமா?

மடக்குக் கத்தி சின்னஞ்சிறு பொருள். சட்டைப் பையில் அடங்கிவிடும். ஆனால் அதை வைத்துக் குடும்பத்தில் பெரிய வாக்குவாதமே மூளுவது உண்டு!

"தாத்தாவின் கத்தி கறுத்துப் போய்விட்டது. பட்டறையில் கொடுத்துப் பளபளப்பாக்கலாம்" என்பார் ஒருவர்.

"வேண்டவே வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்பார் மற்றொருவர்.

யார் சொல்வது சரி?

ஷெபீல்டு கத்தி

மடக்குக் கத்திக்குப் பேர்போன ஊர் இங்கிலாந்தில் உள்ள ஷெபீல்டு நகரம். அங்கே செய்த கத்திகள் கப்பலேறிப் பல நாடுகளுக்கும் போயின. இந்தியாவுக்கும் வந்தன.

அதே ஊரில்தான் 1913-ம் ஆண்டு ஹாரி பிரியர்லி என்பவர் துருப்பிடிக்காத உருக்கை உருவாக்கினார். நாம் "எவர்சில்வர்" என்கிறோமே, அந்த வகை உருக்கு அது.

அதற்கு முன்பு செய்த கத்திகள் சாதாரண உருக்கினால் ஆனவை. அவை கறுக்கும், துருவும் பிடிக்கும். ஆனால் தீட்டினால் நல்ல கூர்மை வரும்.

கறுப்பு வேறு, துரு வேறு

ஆப்பிள், எலுமிச்சை போன்ற புளிப்புள்ள பழங்களை நறுக்க நறுக்க, இந்த உருக்கு கறுக்கும். இதனால் கெடுதல் இல்லை. செந்துரு ஏறாமல் ஓரளவு தடுக்கும் மெல்லிய போர்வை அது.

செந்துருதான் பகை. அது உருக்கைத் தின்று குழி விழச் செய்யும்.

பட்டறையில் நடப்பது என்ன?

வேகமாகச் சுழலும் சாணையில் வைத்தால், கத்தியின் மெல்லிய அலகு சூடேறும். ஏறக்குறைய 300 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உருக்கு நீல நிறமாகும். அதன் கடினம் குறைந்துவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது!

இன்னொரு நஷ்டமும் உண்டு. அலகின் அடிப்பக்கத்தில் செய்தவர் முத்திரை இருக்கும். சில ஷெபீல்டு கத்திகளில் "வி.ஆர்." என்ற எழுத்துக்களும் காணப்படும். அவை 1837 முதல் 1901 வரை ஆண்ட விக்டோரியா மகாராணியைக் குறிப்பவை. கத்தியின் வயதை அறிய இவை உதவும். மெருகு போடும்போது முத்திரை தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

அதைத் திருப்பிச் செய்து தரவும் ஆள் அரிது. கையாலேயே கத்தி செய்து புகழ் பெற்ற ஷெபீல்டுத் தொழிலாளி ஸ்டான் ஷா, 2021-ம் ஆண்டு தமது 94-வது வயதில் காலமானார். அத்தகைய கைவேலைக்காரர்கள் இன்று மிகச் சிலரே.

வீட்டிலேயே செய்யலாம்

கத்தியின் உள்ளே இருக்கும் அழுக்கை மெல்லிய மூங்கில் குச்சியால் நீக்குங்கள். கீலில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் கூடாது. அது நாளடைவில் பிசுபிசுக்கும்.

செந்துரு உள்ள இடத்தில் மட்டும் எண்ணெய் தடவி, மிக மெல்லிய இரும்பு நாரினால் மெதுவாகத் தேயுங்கள். கறுப்பைத் தொடவேண்டாம்.

கூர் மழுங்கினால், தண்ணீர் விட்டுக் கல்லில் கையால் தீட்டுங்கள். பழம் நறுக்கும் முன் எண்ணெயைத் துடையுங்கள். நறுக்கிய பின் ஈரம் இல்லாமல் துடைத்து வையுங்கள். கத்தியைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள்.

எப்போது நிறுத்துவது?

விரிக்கும்போதும் மடக்கும்போதும் "டக்" என்று ஓசை வருகிறதா? முதுகில் உள்ள ஸ்பிரிங் வலுவாக இருக்கிறது என்று அர்த்தம். தாராளமாக உபயோகிக்கலாம்.

அலகு ஆடினாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ ஜாக்கிரதை! கத்தி திடீரென்று மடங்கி விரலை வெட்டிவிடும். தீட்டித் தீட்டி அலகு மெலிந்த கத்தியில், மடக்கிய பிறகும் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது சட்டைப் பைக்கு ஆகாது.

இப்படிப்பட்ட கத்தியை எண்ணெய் பூசி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் நினைவுப் பொருளாக வைத்துவிடுங்கள்.

ஆகவே, கத்தி உறுதியாக இருந்தால் உபயோகியுங்கள். தளர்ந்துவிட்டால் ஓய்வு கொடுங்கள். எப்படியானாலும் அதைப் புதுக் கத்தி ஆக்கிவிட முயலவேண்டாம்.

புதுக் கத்தி எந்தக் கடையிலும் கிடைக்கும். தாத்தா ஆண்டுக்கணக்கில் தீட்டித் தேய்த்த கத்தி, உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும்!