உஷார்! காட்டு கிரெடிட் வாங்கினால் போல்ட்டுக்கு வரி குறையாது

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பாடியிலும் போல்ட், நட், ஸ்க்ரூ செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் பட்டறைக்காரர்களே, அவர்களுக்கு ஜாப் வொர்க் செய்பவர்களே, ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி, அதாவது ‘சிபாம்’, 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்துவிட்டது. பெரிய உருக்காலைகளின் தலைவலி என்று இருந்துவிடாதீர்கள். இரும்புத் திருகாணியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வரி கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர்தான். ஆனால் புகைக் கணக்கு, அதாவது பொருளைச் செய்ய எவ்வளவு கார்பன் வெளியானது என்ற கணக்கு, கொடுக்காத பட்டறையிடம் அவர் விலையைக் குறைக்கச் சொல்வார், இல்லையென்றால் ஆர்டரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்.

இந்தப் பயத்தைக் காசாக்க ஆள் வரலாம். “டன்னுக்கு இவ்வளவு கட்டுங்க சார், காட்டைக் காப்பாத்தின கார்பன் கிரெடிட் உங்க கம்பெனி பேருக்கு வந்துடும், ஐரோப்பாவுல வரி இல்லை” என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்! நாமாக விரும்பி வாங்கும் கிரெடிட்டை, அதாவது இவ்வளவு கார்பன் தவிர்க்கப்பட்டது என்ற சான்றிதழை, சிபாம் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டில் அந்தப் பொருளின் புகைக்குச் சட்டப்படி கட்டிய கார்பன் விலைக்கு மட்டும்தான் கழிவு உண்டு.

உங்கள் பணம் வீணாவதோடு இது முடியாது. அந்தக் காட்டில் யார் வயிற்றில் அடித்து அந்தச் சான்றிதழ் உருவானதோ? கம்போடியாவின் தெற்கு கார்டமம் மலைக் காட்டுத் திட்டத்தைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2024-ல் அறிக்கை வெளியிட்டது. திட்டம் தொடங்கி 31 மாதங்கள் கழித்துத்தான் அங்கே வாழும் சோங் பழங்குடியினரிடம் பேசவே ஆரம்பித்தார்கள் என்கிறது அது. பரம்பரையாகப் பயிர் செய்த நிலத்திலிருந்து சிலர் விரட்டப்பட்டார்கள். காட்டுப் பொருள் சேகரிக்கப் போனவர்கள் கைதானார்கள். கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு 2023 ஜூனில் அந்தத் திட்டத்துக்குப் புது கிரெடிட் தருவதை நிறுத்தியது. மறு ஆண்டே மீண்டும் தொடங்கிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. காடு நிற்க வேண்டும், சரி. அதைக் காத்து வந்தவர்களை வெளியே தள்ளிவிட்டு நிற்கக் கூடாது. நம் நாட்டிலும் காட்டைக் காக்கும் அதிகாரத்தை 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு எழுதியே கொடுத்திருக்கிறது. கிரெடிட் விற்க வருபவரிடம் கிராம சபைத் தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள்.

வரி பயத்துக்கு வழி பட்டறைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு போல்ட்டின் புகைக் கணக்கில் பெரும் பங்கு அதன் கம்பியில்தான். நிலக்கரி போட்டு ஊதுலையில் உருக்கிய இரும்பா, பழைய இரும்பை மின் உலையில் உருக்கியதா என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஹீட் ட்ரீட்மென்ட் உலைக்குப் போகும் டீசல், கேஸ் பில்களை மாதவாரியாகக் கோப்பில் போடுங்கள். உண்மைக் கணக்கு இல்லையென்றால் ஐரோப்பிய ஒன்றியத்தினரே ஓர் உத்தேச அளவைப் போட்டு, அதற்கு மேலும் ஏற்றிவிடுவார்கள். அடுத்த லோடு கம்பி இறங்குவதற்குள் கேட்டுவிடுங்கள்.